பறப்பது சுலபம், ஏறுவதுதான் பாடு!

ஆகாய விமானத்தில் போகிறவர்களைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? "கொடுத்து வைத்தவர்கள்! அலுங்காமல் குலுங்காமல் போய் இறங்குகிறார்கள்" என்றுதானே? உள்ளே போய் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்ட பிறகு அது உண்மையாக இருக்கலாம். அதற்கு முன்னால் நடக்கிற வைபவங்களைக் கேட்டால், "காசிக்குக் கால்நடையாகப் போனவர்களே தேவலை" என்று சொல்லிவிடுவீர்கள்.

ஒரு காலத்தில் எங்கள் விழுப்புரத்தில் விமானம் என்றால் திருவாமாத்தூர் கோயில் விமானந்தான். ஆகாயத்தில் பறப்பது தலைக்கு மேல் ஓசை எழுப்பினால், குழந்தைகள் தெருவுக்கு ஓடிவந்து கை ஆட்டும். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்றைக்கு வீதிக்கு நாலு வீட்டில் பிள்ளையோ பெண்ணோ சிங்கப்பூரிலோ துபாயிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். பெண்ணுக்குப் பிரசவம், பேரனுக்கு ஆண்டு நிறைவு என்றால், பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு புறப்படுகிறவள் அறுபதும் எழுபதும் தாண்டிய பாட்டிதான். அதுவும் பல சமயம் தன்னந்தனியாக.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். திண்டிவனத்திலிருந்து மீனம்பாக்கம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். விழுப்புரத்திலிருந்து அதற்கு மேல் இன்னும் ஒரு நாற்பது. விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று மூன்று சுங்கச் சாவடிகளில் நின்று நின்று போய்ச் சேர மூன்று மணி நேரம். வெளிதேசத்து விமானமானால் புறப்படுவதற்கு மூன்று மணி முன்னதாகவே வந்து விடுங்கள் என்கிறார்கள். ஆக, ஆறு மணி நேரம் தரையில். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் பறப்பதோ நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பிரயாணத்தின் பெரும் பகுதி ஆகாயத்திலா தரையிலா என்பதை நீங்களே முடிவு செய்து கொள்ளுங்கள்.

விழுப்புரம் ஜங்ஷனில் ஒருவரை வழியனுப்புகிற அழகை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்து ரூபாய்க்குப் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினால் போதும். குடும்பமே வண்டி வரைக்கும் போகலாம். மூட்டையை இருக்கைக்கு அடியில் தள்ளலாம். ஜன்னல் கம்பி வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு, "போனதும் போன் போடு" என்று ஏழாவது தடவையாகச் சொல்லலாம். வண்டி நகர்ந்த பிறகும் நாலடி கூடவே ஓடலாம். எதிர் இருக்கைக்காரரிடம், "அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒப்படைத்து விட்டும் வரலாம்.

விமான நிலையத்தில் இதெல்லாம் நடக்காது. டிக்கெட்டும் அடையாளச் சீட்டும் இருப்பவருக்குத்தான் வாசல் திறக்கும். வேன் நிறைய வந்த சொந்தபந்தங்கள் வெளியே நின்றுகொள்ள வேண்டியதுதான். வண்டியை நிறுத்தி ஒரு நிமிஷம் ஆவதற்குள், "எடு, எடு" என்று விசில் கிளம்பிவிடும். ஆறு மாதம் பார்க்க முடியாத முகத்தை அந்த விசில் சத்தத்துக்கு நடுவில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு புடைவைத் தலைப்பு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகும். இந்தப் பக்கம் நாம் கை ஆட்டிக்கொண்டே இருப்போம். சிங்கப்பூரில் இந்த வழக்கம் இல்லை. டிக்கெட் இல்லாதவர்களும் புறப்பாட்டுக் கூடத்துக்குள் வந்து, பெட்டி போடும் இடம் வரை கூட நிற்கலாம். பிரயாணி மட்டும் உள்ளே போகும் இடத்தில்தான் விடை பெற வேண்டும்.

"அப்படியானால் இந்தச் சோதனை எல்லாம் வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. 1984-ம் வருஷம் ஆகஸ்டு 2-ந் தேதி இரவு நடந்ததை நம் பக்கத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொழும்பு விமானத்துக்கென்று ஒரு பிரயாணி பெட்டிகளைக் கொடுத்துவிட்டு, தான் விமானத்தில் ஏறாமலே போய்விட்டார். ஆள் ஏறாததால் பெட்டிகளை மீனம்பாக்கத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். குண்டு இருக்கிறது என்று தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. ஆனால் காரியம் ஆவதற்குள் காலம் கடந்துவிட்டது. பெட்டி வெடித்தது, கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. சுமார் முப்பது பேர் மாண்டு போனார்கள். அவர்களில் பலர் இலங்கைப் பிரயாணிகள். எவரையோ வழியனுப்பவும் வரவேற்கவும் வந்து, வீடு திரும்பாமல் போன துக்கம் எத்தனை குடும்பத்துக்கு!

மறு வருஷம் ஜூன் மாதம் 'கனிஷ்கா' என்ற ஏர் இந்தியா விமானம் அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேல் குண்டு வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டார்கள். அதிலும் குண்டு இருந்த பெட்டி விமானத்தில் ஏறியது; பெட்டிக்காரர் ஏறவில்லை. 1999 டிசம்பர் 24-ந் தேதி காட்மாண்டுவிலிருந்து தில்லிக்கு வந்த விமானத்தைக் காந்தஹாருக்குக் கடத்திக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர், 2000-ம் வருஷம் ஜெய்ப்பூரில் தொடங்கி, ஒவ்வொரு விமான நிலையமாகக் காவலுக்கு வந்தார்கள். "இந்தப் பெட்டியை நீங்களேதான் கட்டினீர்களா? யாராவது ஏதாவது கொடுத்தார்களா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்குப் பின்னால் இத்தனை உயிர்கள் இருக்கின்றன. ஆகையால் எதிர்வீட்டு அம்மாள், "என் பெண்ணிடம் இதை மட்டும் கொடுத்து விடுங்களேன்" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினால், தாட்சண்யம் பார்க்காமல் பிரித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இனி, நம் வீட்டுச் சமையலறைக்கும் அந்த எக்ஸ்ரே யந்திரத்துக்கும் உள்ள பகையைச் சொல்கிறேன். அந்த யந்திரத்தின் திரையில் இரும்பு, தாமிரம் போன்ற உலோகங்கள் நீல நிறமாகத் தெரியும். துணி, காகிதம், தின்பண்டம் முதலியவை ஆரஞ்சு நிறமாகத் தெரியும். இரண்டுங்கெட்டானாக இருப்பவை பச்சை. வெடி மருந்தில் பலவும் அந்த ஆரஞ்சு ஜாதிதான்! ஆகவே கெட்டியாக, கட்டியாக, கனமாக ஓர் ஆரஞ்சுப் பாளம் திரையில் தெரிந்தால், பார்க்கிறவருக்குத் தூக்கி வாரிப் போடுகிறது. நாம் நெய் சொட்டச் சொட்டக் கிளறி, வில்லை போட்டு, டப்பாவில் அடைத்த மைசூர்பாகு என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பையைத் திற என்கிறார். அவர் மேல் குற்றமில்லை.

புளிக்காய்ச்சலின் கதை வேறு. திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்ற பொருளில் வந்தது என்பார்கள். அந்த ஊர்ப் பெண்மணி ஒருத்தி புளிக்காய்ச்சல் இல்லாமல் பெண் வீட்டுக்குப் புறப்படுவாளா? ஆனால் 2006 ஆகஸ்டில், குளிர்பானப் புட்டிகளில் திரவ வெடிமருந்தை எடுத்துப் போய் விமானங்களைத் தகர்க்க லண்டனில் ஒரு சதி நடந்தது. அதைக் கண்டுபிடித்த பிறகு வந்த விதிப்படி, வெளிதேசத்து விமானங்களில் கைப்பையில் எடுத்துப் போகும் நீர், எண்ணெய், பசை போன்ற எதுவானாலும் 100 மில்லி லிட்டர் கொள்ளும் புட்டிக்குள் அடங்க வேண்டும். அந்தப் புட்டிகள் எல்லாம் ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடிப் பைக்குள் அடங்க வேண்டும். புளிக்காய்ச்சல் பசையா, குழம்பா, ஊறுகாயா என்று வாதாடிப் பிரயோஜனமில்லை. கைப்பையில் போனால் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். சரக்குப் பெட்டியில் வைத்து அனுப்பினால் சௌக்கியமாகப் போய்ச் சேரும்.

தேங்காயும் தப்பவில்லை. கொப்பரையில் எண்ணெய் அதிகம். தீப்பற்றும் என்று அதற்குத் தடை. இருமுடி கட்டிக்கொண்டு சபரிமலைக்குப் போகிறவர்கள் நெய்த் தேங்காயை என்ன செய்வார்கள்? 2024 அக்டோபரில் அவர்களுக்கு மட்டும், 2025 ஜனவரி 20-ந் தேதி வரைக்கும், சோதனைக்குப் பிறகு தேங்காயைக் கையோடு கொண்டு போகலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். பாருங்கள், காரணத்தை எடுத்துச் சொன்னால் சட்டமும் சற்று வளைந்து கொடுக்கத்தான் செய்கிறது.

பிறகு எதில்தான் எனக்கு வருத்தம் என்று கேட்கிறீர்களா? சோதனை இருப்பதில் இல்லை. அதைச் செய்கிற விதத்திலும், அதற்காகக் கட்டிய கட்டடத்திலும்.

திண்டிவனத்தில் என் அத்தை இருக்கிறாள். எழுபத்தொரு வயது. வலது முழங்காலில் உலோகத்தால் மூட்டு வைத்து இரண்டு வருஷமாகிறது. வடக்கே ஒரு பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் அவள் பிள்ளை வீட்டுக்கு அவளை நான்தான் அழைத்துப் போய் வந்தேன். திரும்பி வருகையில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர் நிலையம் என்று கேட்க வேண்டாம்.

புருஷர்களுக்கு நாலு வரிசை இருந்தது, பெண்களுக்கு ஒன்று. புருஷர்கள் நின்ற இடத்திலேயே கையை விரித்துக்காட்டிவிட்டு மளமளவென்று போய்க்கொண்டிருந்தார்கள். நாங்களோ ஒரு திரைக்கு முன்னால் குழந்தைகளும் கைத்தடிகளுமாக நின்றோம். கைப்பை, செருப்பு, கைத்தடி எல்லாம் தட்டில் ஏறி யந்திரத்துக்குள் போய்விட்டன. கைத்தடி இல்லாமல் அத்தை நிற்பது எப்படி என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாசல் சட்டத்தைத் தாண்டியதும் அது 'கீ' என்று கத்தியது. உள்ளே ஒரு பெண் காவலர் இந்தியில் ஏதோ கேட்டாள். அத்தைக்குப் புரியவில்லை. நான் எட்டிப் பார்த்துப் பதில் சொல்லப் போனேன். "ஒருவர்தான் வரலாம்" என்று கையைக் காட்டிவிட்டாள். திரைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அத்தை. "ஆபரேசன் கண்ணு, ஆபரேசன்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்வது மட்டும் கேட்டது. தழும்பைக் காட்டுவதற்காகப் புடைவையை முழங்கால் வரை தூக்க வேண்டியிருந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

அந்தப் பெண் பொல்லாதவள் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். விடியற்காலையிலிருந்து காற்றில்லாத அந்தத் திரைக்குள் நின்று கொண்டிருந்தவள். சின்ன வயசுதான். சோதனை முடிந்ததும் மேடையிலிருந்து இறங்குவதற்கு அத்தையின் முழங்கையைத் தானே தாங்கிப் பிடித்தாள். பாஷை தெரிந்திருந்தால் இருவரும் நாலு வார்த்தை பேசியே இருப்பார்கள்.

அதோடு விட்டதா? விமானத்துக்குப் போகும் வாசலை மாற்றிவிட்டதாக அறிவிப்பு வந்தது. கேட்டிருந்த சக்கர நாற்காலி வரவில்லை. நடந்தோம். அத்தர்க் கடைக்குள் புகுந்து, சாக்லேட் கடையைச் சுற்றி, கைப்பைக் கடை வழியாக வெளியே வந்தோம். நேர் வழி என்று ஒன்று இல்லவே இல்லை. கடைகளைத் தாண்டும் வரையில் உட்கார ஓர் இடம் இல்லை. காசு கொடுத்துக் காப்பி வாங்கினால் மட்டும் நாற்காலி உண்டு. அத்தை பாதி வழியில் சுவரில் சாய்ந்துகொண்டு, "ஏம்மா, ஏரோப்ளேன் ஏற வந்தோமா, சந்தைக்கு வந்தோமா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

அடுத்த தை மாதம் பேரனுக்கு ஆண்டு நிறைவு. பிள்ளை டிக்கெட் அனுப்பினான். அத்தை போகவில்லை. "குழந்தையைப் போனில் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். இதற்குப் புகார் எழுத எந்தப் புத்தகத்திலும் இடமில்லை. ஒரு பாட்டி பேரனைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை என்பதை எந்த இலாகாவும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இது அத்தைக்கு மட்டும் வந்ததல்ல. நடன மணி சுதா சந்திரனை நீங்கள் அறிவீர்கள். 1981-ல் திருச்சிக்கு அருகே பஸ் விபத்தில் ஒரு காலை இழந்து, ஜெய்ப்பூர்க் காலுடன் மறுபடி மேடை ஏறி, 'மயூரி' படத்தில் தம் கதையில் தாமே நடித்தவர். நாடறிந்த அவரையே ஒவ்வொரு தடவையும் செயற்கைக் காலைக் கழற்றிக் காட்டச் சொன்னார்கள். 2021 அக்டோபரில் மனம் பொறுக்காமல் பிரதமருக்கே வேண்டுகோள் விடுத்தார். அதன் பிறகு பாதுகாப்புப் படையினர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்கள். அதற்கு முந்திய வருஷம் ஆகஸ்டில், நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி சென்னை விமான நிலையத்தில் "எனக்கு இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ சொல்லுங்கள்" என்று கேட்டதற்கு, "நீங்கள் இந்தியரா?" என்று பதில் கேள்வி வந்ததாகத் தெரிவித்தார். விசாரணைக்கு உத்தரவாயிற்று. எம்.பி.க்கே இப்படியானால், திண்டிவனத்து அத்தைக்கு யார் இருக்கிறார்கள்?

கட்டடத்துக்கு வருவோம். சென்னையில் 2013 ஜனவரியில் புது முனையங்களைத் திறந்து வைத்தார்கள். கண்ணாடி மயமாகப் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் கண்ணாடிப் பலகைகளும் மேற்கூரைத் தகடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழ ஆரம்பித்தன. எத்தனையாவது தடவை என்று பத்திரிகைகள் இலக்கம் போட்டுச் செய்தி வெளியிடுகிற அளவுக்குப் போயிற்று. 2022 டிசம்பரில் அடுக்கு மாடிக் கார் நிறுத்தம் வந்தது. வந்து இறங்கியவர்கள் வாடகைக் காரைத் தேடிப் பெட்டியும் பிள்ளையுமாக அங்கே போய்ச் சேர வேண்டியதாயிற்று. பாட்டரி வண்டிக்குக் காத்திருக்க வேண்டும், இல்லையேல் நடக்க வேண்டும் என்று பிரயாணிகள் குறைப்பட்டார்கள். பிறகு 2023 ஏப்ரல் 8-ந் தேதி, 1,260 கோடி ரூபாய்ச் செலவில் கட்டிய புதிய முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். அதில் கோலம், புடைவை, கோயில் என்று நம் தமிழ்நாட்டு அழகுகளை அலங்காரமாக அமைத்திருக்கிறார்கள். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சிதான்.

ஆனால் ஒரு கேள்வி. நாம் வாசலில் கோலம் போடுவது எதற்கு? வருகிறவர்களை, "வாருங்கள், உட்காருங்கள்" என்று அழைப்பதற்குத்தானே? கோலத்தை அடுத்துத் திண்ணை இருக்கும். திண்ணையில் ஒரு செம்பு தண்ணீர் இருக்கும். கோலத்தைச் சுவரில் தீட்டினால் மட்டும் வீடாகிவிடுமா?

கிராமத்துப் பாதைகளில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருக்கிறீர்களா? நின்ற வாக்கிலேயே தலைச் சுமையை இன்னொருவர் உதவியின்றி இறக்கி வைக்கவும், மறுபடி ஏற்றிக்கொள்ளவும் வசதியாக, ஆள் உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். பிரசவத்தில் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். எஞ்சினீயர் யாரும் படம் போட்டுக் கொடுக்கவில்லை. சுமக்கிறவருக்கு எங்கே வலிக்கும், எவ்வளவு தூரத்தில் களைப்பு வரும் என்று தெரிந்தவர்கள் கட்டினார்கள். விமான நிலையம் கட்டுகிறவர்களிடம் நாம் கேட்பதும் அவ்வளவுதான். நூறு அடிக்கு ஒரு பெஞ்சு. கடைகளுக்குள் புகாமல் போக ஒரு நேர் வழி. புருஷர்களுக்கு எத்தனை சோதனை வரிசையோ, தேவைக்குத் தக்கபடி பெண்களுக்கும் அத்தனை. திரைக்குள் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி. அந்தந்த ஊர்ப் பாஷை தெரிந்த ஒருவர். வரிசையின் ஆரம்பத்திலேயே, எது போகும், எது போகாது என்று தமிழில் ஒரு பலகை. வழியனுப்ப வந்தவர்கள் நிம்மதியாக ஐந்து நிமிஷம் நிற்க ஓரிடம்.

இவையெல்லாம் நடக்கிற காரியமா என்று சந்தேகப்பட வேண்டாம். அமெரிக்காவில் செருப்பு, பூட்ஸ் எல்லாம் கழற்றித்தான் ஆக வேண்டும் என்று 2006 முதல் பிடிவாதமாக இருந்தார்கள். 2025 ஜூலையில் அதை விட்டுவிட்டார்கள். அதே வருஷம் ஸ்காத்லாந்தில் எடின்பரோ விமான நிலையத்தில் புதிய யந்திரங்கள் வந்ததனால், 100 மில்லி லிட்டர் என்ற கணக்குப் போய், 2 லிட்டர் புட்டியைக்கூடக் கைப்பையில் விடுகிறார்கள். யந்திரம் கூர்மையானால் மனிதருக்குச் சிரமம் குறைகிறது. அந்த யந்திரம் நம் ஊருக்கும் வராமலா போய்விடும்?

அது வருகிற வரையில், உங்கள் வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் புறப்பட்டால் இவற்றை மட்டும் கவனியுங்கள். உடம்பில் உலோக மூட்டோ, இருதயத்துக்கு வைத்த பேஸ்மேக்கரோ இருந்தால் வைத்தியரின் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கிக் கையில் கொடுங்கள். வாசல் சட்டத்தைத் தாண்டுவதற்கு முன்பே அதைக் காட்டச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்று டிக்கெட் வாங்கும்போதே எழுதி வைத்து, முதல் நாள் மறுபடி ஞாபகப்படுத்துங்கள். ஊக்கு, கொண்டை ஊசி, சில்லறை எல்லாவற்றையும் ஒரு சுருக்குப் பையில் போட்டுவிடுங்கள். மருந்து மாத்திரையைச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். திரைக்குள் போய் விளக்கம் சொல்லச் சங்கடமாக இருக்கும் விஷயத்தை நாலு வரியில் எழுதிக் கொடுத்து விடுங்கள். வாய் வராத இடத்தில் காகிதம் பேசும்.

புளிக்காய்ச்சல், எண்ணெய், ஊறுகாய் சரக்குப் பெட்டிக்கு. மல்லாட்டை உருண்டையும் மைசூர்பாகும் கைப்பையில்தான் போக வேண்டுமென்று பாட்டி பிடிவாதம் பிடித்தால், டப்பாவை எல்லாவற்றுக்கும் மேலே, சுலபமாகத் திறக்கும்படி வையுங்கள். திறந்து பார்க்கிறவர் சிரித்தால், ஒரு வில்லை எடுத்துக்கொள்ளும்படி பாட்டி நிச்சயம் உபசாரம் செய்வாள். உத்தியோக முறைப்படி அவர் வேண்டாமென்றுதான் சொல்வார். ஆனால் அந்த ஒரு நிமிஷம் அந்த இடம் கொஞ்சம் திண்ணை போலத்தான் இருக்கும்.